இயற்கைத் தேர்வும் மரபணுப் பன்மையும்: காவிரி டெல்டாவின் தாவரங்களைக் கொண்டு விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயற்கைத் தேர்வு என்பது தகுதியற்றவற்றைக் கழித்து ஒரே ஒரு வடிவத்தை மிஞ்சவைக்கும் சல்லடை என்று எண்ணுவதே முதல் தவறு. மற்ற பிழைகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. உறைபனிக் காலம் இல்லாத வெப்பமண்டலத்தில் பூஞ்சைகளும் பூச்சிகளும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இயங்குவதால், ஒரு மரபணு வடிவம் பெருகப் பெருக அதைத் தாக்கவல்ல நோய்க்கிருமியும் பெருகுகிறது. அரிதாக இருக்கும் வடிவமோ தப்பிவிடுகிறது. அதுவும் பெருகியபின் அதற்குரிய கிருமி வந்து சேர்கிறது. இவ்வாறு அரிதாயிருப்பதே ஆதாயமாகும்போது, தேர்வே மரபணுப் பன்மையை, அதாவது ஓர் இனத்துக்குள் பல மரபணு வடிவங்கள் இருப்பதை, காக்கிறது. இனத்தின் எதிர்கால நலன் கருதி இயற்கை பன்மையைச் சேமிப்பதாக எழுதுவது பொருந்தாது. தேர்வுக்கு முன்யோசனை கிடையாது.

தாய்மரத்தருகே அதற்குரிய எதிரிகள் மிகுவதால் அதே இனக் கன்றுகள் அங்கே தழைப்பதில்லை என்று சூழலியலாளர்கள் ஜான்சன் (Janzen) 1970-லும் கானெல் (Connell) 1971-லும் முன்வைத்த கருத்து, ஒரு காட்டில் பல மர இனங்கள் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன என்பதைப் பற்றியது. அதை அப்படியே ஓர் இனத்துக்குள் இருக்கும் மரபணுப் பன்மைக்குச் சான்றாக்கக் கூடாது. பனாமாவில் விரோலா என்னும் காட்டு மரத்தைக் கொண்டு செய்யப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வுதான் இங்கே பொருத்தமானது: தாய்மரத்தடி மண்ணின் நுண்ணுயிர்களோடு வளர்ந்த நாற்றுகள், அதே இனத்தின் வேறு மரத்தடி நுண்ணுயிர்களோடு வளர்ந்தவற்றைவிட நலிவாக இருந்தன. ஓர் இனத்துக்குள்ளேயே கிருமிகள் மரபணு வடிவத்துக்கேற்பத் தாக்கக்கூடும் என்பதை இது சுட்டுகிறது.

நம் பக்கத்தில் அடிக்கடி காணும் தவறு, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் ஆகிய பாரம்பரிய நெல் ரகங்களை இயற்கைத் தேர்வின் விளைவாக மட்டும் காட்டுவது. நெற்பூவில் உமி விரியும் தறுவாயிலேயே ஆறு மகரந்தப் பைகளும் வெடித்து, தூள் பெரும்பாலும் அதே பூவின் சூல்முடியில் விழுந்துவிடுகிறது. அயல் மகரந்தச் சேர்க்கை பொதுவாக நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுவதில்லை. அதனால் ரகங்கள் எளிதில் கலப்பதில்லை. அவை தனித்தனியே நிலைத்ததில், ஒவ்வொரு போகத்திலும் விதைநெல் எடுத்துவைத்த விவசாயிகளின் கைக்குப் பெரும் பங்குண்டு. நெல் ரகங்களைக் கலந்து நட்டபோது பூஞ்சையால் வரும் குலைநோய் வெகுவாகக் குறைந்ததாக சீனாவின் யுன்னானிலிருந்து 2000-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வும் பன்மையின் பயனையே காட்டுகிறது. அப்பன்மையை இயற்கைத் தேர்வு காத்ததாக அது காட்டவில்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் (Avicennia marina) என்னும் ஒரே மர இனமே மிகுதி என்பதால் அங்கே மரபணுப் பன்மை இல்லை என்று முடிவு கட்டுவதும், மாறாக, உவர் மிகுந்த திடலில் குட்டையாகவும் வாய்க்கால் கரையில் உயரமாகவும் நிற்பதைக் கண்டு அவை வெவ்வேறு மரபணு வடிவங்கள் என்று அறிவிப்பதும் அவசர முடிவுகளே. ஒரே மரபணு வடிவம்கூட உப்புக்கேற்ப வளர்த்தி மாறக்கூடும். இரு இடத்து விதைகளையும் ஒரே மண்ணில், ஒரே நீரில் நாற்றாக்கிப் பார்த்த பிறகும் வேறுபாடு தொடர்ந்தால்தான் மரபணுவைப் பற்றிப் பேசலாம். அப்போதும், அது தேர்வால் வந்ததா, நீரில் மிதந்துவந்த விதைகளின் தற்செயலால் வந்ததா என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி.