நாள்பட்ட வலிக்குத் தனியாகக் கலந்து தரும் மருந்து: கவனிக்க வேண்டியவை

ஆலையில் தயாராகும் மருந்தின் அளவோ வடிவமோ ஒருவருக்குப் பொருந்தாதபோது, மருத்துவரின் சீட்டைக் கொண்டு மருந்தாளுநர் அவருக்கென்றே கலந்து தருவதுதான் காம்பவுண்டிங் மருந்து. நால்ட்ரெக்ஸோனை எடுத்துக்கொள்வோம்: மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள 50 மில்லிகிராம் மாத்திரையாக வரும் இதை, நாள்பட்ட வலிக்குச் சில மருத்துவர்கள் 4.5 மில்லிகிராம் அளவில் எழுதுவதால், காப்ஸ்யூலாகத் தனியே தயாரிக்க வேண்டியிருக்கிறது. மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகளை (அபின் போலச் செயல்படும் வலிநிவாரணிகளை) உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நால்ட்ரெக்ஸோன் அவற்றின் வேலையைத் தடுத்துவிடும்.

வழக்கமான மருந்து ஏன் போதாது என்பதை முதலில் மருத்துவரிடமே கேளுங்கள். சாயத்துக்கோ லாக்டோஸுக்கோ ஒவ்வாமை, விழுங்க முடியாமை ஆகியவை நியாயமான காரணங்கள். ஆனால், கீட்டமின், காபாபென்டின், லிடோகெய்ன் முதலிய மருந்துகளைக் கலந்து வலிக்குத் தடவத் தரும் விலையுயர்ந்த கிரீம்களை 399 பேரிடம் சோதித்து 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மருந்தில்லாத கிரீமைவிட அவை மேலான பலன் தரவில்லை என்பதால், கிரீம் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு.

மருந்தகத்தின் உரிமத்தைச் சரிபார்த்து, ஒவ்வொரு மூலப்பொருளின் பெயரும் அளவும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் லேபிளில் உள்ளனவா என்று பாருங்கள். கிரீமைப் புண்ணின்மீது தடவாதீர்கள். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து அதிகமாக உடலுக்குள் இறங்கும். கைகளைக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ தோன்றினால், மருந்தை நிறுத்திவிட்டு, டப்பாவுடன் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.