மாட் பகிரும்போது பதிப்பு எண்ணையும் பதிவிறக்கக் கணக்கையும் கையாளும் முறை

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டுக்கு மாட் (விளையாட்டில் மாற்றம் செய்யும் கூடுதல் கோப்புகள்) எழுதி நெக்சஸ் மாட்ஸ் தளத்தில் வெளியிடுவோர், பதிப்பு எண்ணை இரண்டு இடங்களில் எழுத வேண்டும். ஒன்று, மாட் கோப்புறைக்குள் இருக்கும், மாட்டின் பெயர், பதிப்பு போன்ற விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு. மற்றொன்று, தளத்தில் கோப்பை ஏற்றும்போது நிரப்பும் படிவம். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

ஒருமுறை 1.3.0 பதிப்பை ஏற்றியபோது, தளத்தில் எண்ணை மாற்றிவிட்டு மேனிஃபெஸ்டில் 1.2.0 என்பதை அப்படியே விட்டுவிட்டேன். மாட்களை இயக்கும் ஸ்மாப்பி என்ற மென்பொருள், விளையாட்டைத் திறக்கும்போது மேனிஃபெஸ்டில் உள்ள எண்ணைத் தளத்து எண்ணோடு ஒப்பிடுவதால், புதிய கோப்பை முறையாக நிறுவியவர்களுக்கும் அதன் கருப்புத் திரையில் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. அவர்கள் மீண்டும் பதிவிறக்கினார்கள். அதே அறிவிப்பு மீண்டும் வந்தது. தளம் காட்டும் மொத்தப் பதிவிறக்கம் மளமளவென ஏறியும், ஒருவர் எத்தனை முறை எடுத்தாலும் ஒன்றாகவே எண்ணும் தனிநபர் பதிவிறக்கம் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகே பிழை எனக்குப் பிடிபட்டது.

இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் படிக்கப் பழகுங்கள். முதல் பதிப்பை 200 பேர் பதிவிறக்கி, அவர்களுள் 150 பேர் அடுத்த பதிப்பையும் எடுத்தால் மொத்தம் 350, தனிநபர் 200. எத்தனை பேரிடம் சேர்ந்தது என்பதைத் தனிநபர் எண்ணிக்கை சொல்கிறது; எத்தனை முறை அவர்களைத் திரும்ப வரவழைத்தோம் என்பதை மொத்த எண்ணிக்கை சொல்கிறது. ஆகவே கணக்கை உயர்த்துவதற்காக நாள்தோறும் சிறு பதிப்புகளை வெளியிடுவது தவறு என்றே கருதுகிறேன். சிறு திருத்தங்களைச் சேர்த்து வைத்து ஒன்றாக வெளியிடலாம். சேமித்த ஆட்டத்தைக் கெடுக்கும் பிழையை மட்டும் அன்றே திருத்தி ஏற்ற வேண்டும்.

எண்ணை மூன்று பகுதிகளாக எழுதுவது வழக்கம். பழைய அமைப்புகளோடு ஒத்துப்போகாத மாற்றத்துக்கு முதல் பகுதியும், புதிய வசதிக்கு நடுப்பகுதியும், பிழைத்திருத்தத்துக்குக் கடைசிப் பகுதியும் உயரும். 1.9.0க்கு அடுத்தது 1.10.0, ஒவ்வொரு பகுதியும் முழு எண்ணாகவே ஒப்பிடப்படுவதால் இதைத் தசமமாக எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை. மேனிஃபெஸ்டில் உள்ள யூனிக்ஐடியை (மாட்டின் தனி அடையாளப் பெயர்) மட்டும் எந்தப் பதிப்பிலும் மாற்றாதீர்கள். உங்கள் மாட்டைச் சார்ந்திருக்கும் பிற மாட்கள் அந்தப் பெயரைக் கொண்டே அதைத் தேடுகின்றன.

புதிய கோப்பை எப்போதும் அதே பக்கத்திலேயே ஏற்றி, இருக்கும் கோப்பின் புதிய பதிப்பு என்று குறித்து, முந்தையதைப் பழைய கோப்புகள் பகுதிக்கு நகர்த்துங்கள். பெரிய மாற்றம் என்பதற்காகப் புதுப் பக்கம் தொடங்கினால் பதிவிறக்கக் கணக்கும் பயனர்களின் பாராட்டுகளும் பழைய பக்கத்திலேயே தங்கிவிடும். அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. மேனிஃபெஸ்டில் அப்டேட்கீஸ் என்ற இடத்தில் எழுதிய, தளத்தில் உங்கள் மாட் பக்கத்துக்கு உரிய எண்ணைக் கொண்டுதான் ஸ்மாப்பி புதுப்பிப்பைத் தேடுகிறது. பக்கம் மாறினால் ஏற்கெனவே நிறுவியவர்களுக்குச் செய்தியே போய்ச் சேராது.

பழைய பதிப்புகள் பயனற்றவை அல்ல. 2024 மார்ச்சில் விளையாட்டின் 1.6 பதிப்பு வந்தபோது, பாதியில் நின்ற பண்ணையை முடிப்பதற்காக 1.5 பதிப்பிலேயே தங்க விரும்பியவர்களுக்கு அதற்கேற்ற பழைய மாட் கோப்புகள் தேவைப்பட்டன. ஆகவே ஒவ்வொரு கோப்பின் விளக்கத்திலும் அது விளையாட்டின் எந்தப் பதிப்புக்கு உரியது என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

ஏற்றி முடித்ததும், உங்கள் கணினியில் இருக்கும் மாட் கோப்புறையை நீக்கிவிட்டு, தளத்திலிருந்தே ஜிப் கோப்பைப் பதிவிறக்கி நிறுவுங்கள். ஸ்மாப்பியின் திரையில் மாட் பெயருக்குப் பக்கத்தில் புதிய எண் தெரிந்து, புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வராமல் இருந்தால் அந்தப் பதிப்பு சரியாக வெளியாகியிருக்கிறது.