குழந்தைநல மருத்துவப் பணியாளர்களின் தொடர்கல்வி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், சுவாச சிகிச்சையாளர் என யாராக இருந்தாலும், தொடர்கல்வி என்பது பெரும்பாலும் பதிவைப் புதுப்பிப்பதற்கான நிபந்தனையாகவே அவர்களுக்கு அறிமுகமாகிறது. இத்தனை மணி நேரம், இத்தனை புள்ளிகள் என்று கணக்கு வைத்திருப்பதால், காலக்கெடு நெருங்கும்போது எளிதில் கிடைக்கும் வகுப்புகளில் சேர்ந்து கணக்கை நேர்செய்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முதல் தவறும் பல தவறுகளுக்கு வேரும் இதுதான். எதைக் கற்பது என்ற கேள்விக்கான விடை வகுப்புகளின் விளம்பரப் பட்டியலில் இல்லை. பணிபுரியும் பிரிவின் பதிவேடுகளில் இருக்கிறது. கடந்த சில மாதங்களில் எந்தக் குழந்தைக்கு முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தாமதமாகப் போடப்பட்டது, எந்த மருந்தளவில் பிழை நேர்ந்தது, எந்தக் குழந்தையின் நிலை மோசமாவதை நேரத்தில் கண்டுகொள்ளவில்லை என்பதை இறப்பு ஆய்வுக் கூட்டக் குறிப்புகளும் மருந்துப் பிழை அறிக்கைகளும் காட்டிவிடும். அந்தக் குறையைத் தீர்க்கும் பயிற்சியே அந்தப் பணியாளருக்கு அப்போதைக்குத் தேவையான பயிற்சி.

ஒருநாள் பயிற்சி முடிந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது இரண்டாவது தவறு. இதைத் தெளிவாக உணர்த்தும் சான்று தான்சானியாவின் ஹேடம் மருத்துவமனையிலிருந்து கிடைத்தது. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைகளுக்கு உதவ, 2010இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து ‘ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்’ என்ற எளிய பயிற்சியைத் தொடங்கியது. ஹேடமில் ஒருநாள் வகுப்பாக இது நடத்தப்பட்டபோது, பயிற்சிப் பொம்மையின் மீது பணியாளர்கள் காட்டிய திறன் நன்றாகவே உயர்ந்தது; ஆனால் பிரசவ அறையில் உண்மையான குழந்தைகளுக்கு அவர்கள் செய்தது மாறவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பின்னர் அதே மருத்துவமனையில், பணியிடத்திலேயே பொம்மையை வைத்து, வாரந்தோறும் சில நிமிடங்கள் மட்டும் நீளும் குறும்பயிற்சிகள் தொடர்ந்து நடத்தப்பட்டன. முதல் 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11.1 என்ற நிலையிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. முன்பு, பின்பு என்று ஒப்பிட்ட ஆய்வு என்பதால் முழுப் பலனையும் பயிற்சியின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆயினும் பாடம் கிட்டத்தட்ட மாறாமல் இருக்க, அது நடந்த இடமும் முறையும் மாறியபோது விளைவும் மாறியது என்பதைப் பயிற்சிக்குத் திட்டமிடும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூச்சோ இதயத் துடிப்போ நின்றவரை மீட்கும் புத்துயிரூட்டல் திறன் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மங்கத் தொடங்குகிறது என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிய வந்த உண்மை. அமெரிக்க இதயக் கழகத்தின் குழந்தைகளுக்கான உயர்நிலை உயிர்காப்புச் சான்றிதழோ இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அட்டையில் தேதி மீதமிருப்பதால் கையிலும் திறன் மீதமிருக்கிறது என்று கருதிவிடக் கூடாது. நடுவில் உள்ள மாதங்களை நிரப்பப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பணி மாறும் நேரத்தில் ஒரு பொம்மை, கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் ஒரு ஆம்பு பை, இரண்டு அளவுகளில் முகமூடிகள் இருந்தால் போதும். முகமூடி மோவாயையும் வாயையும் மூக்கையும் மூடுகிறதா, கண்களை அழுத்தாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையை முன்னால் மடக்காமலும் பின்னால் அளவுக்கு மீறிச் சாய்க்காமலும் வைத்துப் பையை அழுத்தி, மார்பு உயர்கிறதா என்று கவனிக்க வேண்டும். உயராவிட்டால் முகமூடியைச் சரிசெய்து, தலையின் நிலையைத் திருத்தி, வாயிலும் மூக்கிலும் அடைப்பு இருந்தால் நீக்கி, வாயைச் சற்றுத் திறந்து மீண்டும் முயல வேண்டும். இவ்வளவையும் ஒருவர் செய்ய மற்றொருவர் பார்த்துத் திருத்துவதற்குச் சில நிமிடங்களே ஆகும். பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கிடைக்கச் செய்வது இந்தச் சில நிமிடப் பழக்கத்தைப் பொறுத்தது.

பெரியவர்களுக்கான பயிற்சியில் கற்றதைக் குறைந்த அளவில் குழந்தைகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு மற்றொரு தவறு. மருந்துக் கணக்கில்தான் இது மிக ஆபத்தாக முடிகிறது. இதயத் துடிப்பு நின்ற குழந்தைக்குச் சிரை வழியாகக் கொடுக்க வேண்டிய அட்ரினலின், ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.1 மில்லிகிராம் வேண்டும். கையில் கிடைக்கும் ஆம்பூலில் (சிறு மருந்துக் குப்பியில்) ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்து இருந்தால், அதோடு ஒன்பது மில்லிலிட்டர் சலைன் சேர்த்துப் பத்தாக்கிய பிறகு, அந்தக் கரைசலில் ஒரு மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். நீர்க்க வைக்காத மருந்திலிருந்து ஒரு மில்லிலிட்டர் எடுத்துவிட்டால் குழந்தைக்குப் பத்து மடங்கு போய்ச் சேரும். கடும் ஒவ்வாமைக்குத் தொடைத் தசையில் போடும்போதோ நீர்க்க வைக்காத மருந்தையே பயன்படுத்துகிறோம். அங்கே அதே குழந்தைக்கு 0.1 மில்லிலிட்டர் போதும். இரண்டு கணக்குகளும் ஒரே ஆம்பூலிலிருந்து தொடங்குகின்றன, பதற்றமான நேரத்தில் தொடங்குகின்றன. ஆகவே இதை விரிவுரையாகக் கேட்பதில் பயன் குறைவு. உண்மையான ஆம்பூலையும் சிரிஞ்சையும் கையில் எடுத்து, எடையைச் சத்தமாகச் சொல்லி, அளவை இரண்டாவது ஆள் சரிபார்த்துப் பழக வேண்டும். இந்தப் பயிற்சியில் மருந்தாளுநரைச் சேர்க்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிழை எங்கே நுழைகிறது என்பதை அவரே அதிகம் பார்க்கிறார்.

புதியதைக் கற்பதில் காட்டும் ஆர்வத்தைப் பழையதை விடுவதில் காட்டாமல் இருப்பதும் தவறுதான். குழந்தைகளுக்கு அன்றாடம் தேவையான திரவ அளவைக் கணக்கிட ஹாலிடேயும் சேகரும் 1957இல் ஒரு முறையை வகுத்தார்கள். முதல் பத்து கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலிட்டர், அடுத்த பத்து கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20 என்ற அந்தக் கணக்கை இன்றும் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதனுடன் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்த, உப்புச்செறிவு குறைந்த திரவத்தைக் கொடுக்கும் வழக்கம், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. பிறந்து 28 நாட்கள் கடந்த குழந்தைகளுக்குப் பராமரிப்புத் திரவமாக, இரத்தத்துக்கு இணையான உப்புச்செறிவுள்ள திரவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2018இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் வழிகாட்டியது. சிறப்பு நோய்நிலைகளுக்கு விலக்குகள் உண்டு.

இப்படி மாறியவை இன்னும் பல. கருமலம் (குழந்தையின் முதல் மலம்) கலந்த நீரில் சோர்ந்து பிறக்கும் குழந்தைக்கு வழக்கமாகக் குழாய் செலுத்தி மூச்சுக்குழலை உறிஞ்சும் முறையை 2015இன் வழிகாட்டல்கள் கைவிட்டன. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வலிக்கோ இருமலுக்கோ கோடீன் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் தடுத்தது. சில குழந்தைகளின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றுவதால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. மூச்சுக்குழலுக்குள் செயற்கைக் குழாய் பொருத்தப்பட்ட நிலையில், இதயத்தை இயக்க மார்பு அழுத்தப்படும் குழந்தைக்கு நிமிடத்துக்குப் பத்து மூச்சு என்று இருந்ததை, 2020இல் அமெரிக்க இதயக் கழகம் இருபது முதல் முப்பது என்று மாற்றியது. எனவே ஒவ்வொரு வகுப்பிலும் பங்கேற்பாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்று முதல் நான் எதைச் செய்யாமல் நிறுத்த வேண்டும்? மேலும், சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அட்டவணையை அகற்றாதவரை பணியாளர்கள் அதையேதான் பார்ப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. வேறோர் இடத்தின் வழிகாட்டலை, அது எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டது என்று கேளாமல், அப்படியே எடுத்துக்கொள்வது அது. கென்யா, தான்சானியா, உகாண்டா நாடுகளில் கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வந்த 3,141 குழந்தைகளை ஆராய்ந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011இல் வெளியானது. விரைவாகத் திரவம் ஏற்றுவது உயிரைக் காக்கும் என்பதே அதுவரை எல்லாப் பயிற்சிகளும் சொல்லி வந்தது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் ஏற்பட்ட இறப்பு, அவ்வாறு ஏற்றப்பட்ட பிரிவுகளில் 10.6, 10.5 விழுக்காடாகவும், ஏற்றப்படாத பிரிவில் 7.3 விழுக்காடாகவும் இருந்தது. செயற்கை சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சையும் அருகில் இல்லாத மருத்துவமனைகள் அவை. அதற்காகத் திரவமே கூடாது என்று முடிவு கட்டுவதும் பிழை. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எந்தக் குழந்தைக்கு, எந்த வசதியுள்ள இடத்தில், எந்த ஆதாரத்தின் பேரில் என்று கேட்கப் பழக்காத வகுப்பு, எவ்வளவு புகழ்பெற்ற பேச்சாளர் நடத்தினாலும், அரைகுறையான வகுப்பே.

மருத்துவர்களுக்குத் தனியாகவும் செவிலியர்களுக்குத் தனியாகவும் பயிற்சி நடத்துவதை நிர்வாகங்கள் வசதியாகக் கருதுகின்றன. ஆனால் நெருக்கடியில் குழந்தையைச் சுற்றி நிற்பவர்கள் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். கட்டளையைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வதும், தவறாகத் தோன்றும் அளவை இளையவர் துணிந்து சுட்டிக்காட்டுவதும் சேர்ந்து பழகினால்தான் வரும். இரவுப் பணியில் இருப்பவர்களைப் பயிற்சி எட்டுவதே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மாநாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விரிவுரைகளும் கூட்டங்களும் பயனற்றவை அல்ல. ஆனால் தனியே அவற்றால் மருத்துவ நடைமுறையில் ஏற்படும் முன்னேற்றம் சிறிதளவே என்று, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியிருக்கிறது. முன்பின் அறியாத ஒருவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்துக் கட்டணம் கேட்கும் மின்னஞ்சல்களையும், சில நாட்களிலேயே கட்டுரையை ஏற்றுப் பணம் கோரும் ஆய்விதழ்களையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். அந்த மாநாட்டை நடத்துவது எந்தக் கழகம், குழுவில் பெயர் இருப்பவர்கள் உண்மையில் அதில் இருக்கிறார்களா, தம் பதிவு மன்றம் அந்தப் புள்ளிகளை ஏற்கிறதா என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மறுபுறம், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன் பீடியாட்ரிக்ஸ்’, உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகள் மருத்துவமனைப் பராமரிப்புக் கையேடு போன்ற தரமான வளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டணம் உயர்ந்ததுதான் தரத்திலும் உயர்ந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

தொழில் வாய்ப்புகள் என்றவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவை மட்டும் நினைப்பது பார்வையைக் குறுக்கிவிடுகிறது. தாய்ப்பாலூட்டல் ஆலோசனை, குழந்தைகளுக்கான வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சை, வளர்ச்சி மதிப்பீடு, தொற்றுத் தடுப்பு, மருத்துவ ஆய்வுகளின் ஒருங்கிணைப்பு, பொம்மைகளைக் கொண்டு நெருக்கடிகளை நடத்திப் பழக்கும் உருவகப் பயிற்சி ஆசிரியர் பணி, சிகிச்சையின்போது குழந்தையின் அச்சத்தைப் போக்கும் விளையாட்டு வழி ஆதரவு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென்று பயிற்சிப் பாதை கொண்ட துறை. தாய்ப்பாலூட்டல் ஆலோசகர்களுக்கான பன்னாட்டுத் தேர்வு 1985இலிருந்து நடந்து வருகிறது. தேறியவர்கள் சான்றிதழை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இத்தகைய சான்றிதழ்கள் பலவற்றுக்கும் விண்ணப்பிக்கும் முன்பே குறிப்பிட்ட அளவு பணி அனுபவத்தைச் சான்றுகளோடு காட்ட வேண்டியிருக்கும். மேலாளர் இடம் மாறிச் சென்ற பிறகு அனுபவக் கடிதத்துக்காக அலைவதைவிட, ஒவ்வொரு பணி முடிவிலும் அதைப் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.

வேறு நாட்டில் பணியாற்ற விரும்புவோர் சிறப்புச் சான்றிதழையும் பணி உரிமத்தையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். உயிர்காப்புப் பயிற்சியின் அட்டை, பயிற்சியை முடித்ததற்கான சான்று மட்டுமே. அது உரிமம் ஆகாது. உரிமம் வழங்குவது அந்த நாட்டின் ஒழுங்குமுறை மன்றம். அடிப்படைக் கல்வியை அது ஏற்கிறதா, மொழித் தேர்வின் முடிவு எத்தனை காலம் செல்லும், குழந்தைநலச் செவிலியர் பதிவு தனியாக உள்ளதா என்பவற்றை முகவரிடம் கேட்பதைவிட மன்றத்திடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சிச் செலவை மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், எத்தனை ஆண்டுகள் அங்கே இருக்க வேண்டும், முன்பே விலகினால் என்ன திருப்பித் தர வேண்டும் என்ற வரிகளைப் படிக்காமல் விட்டவர்கள் பின்னர் நல்ல வாய்ப்புகளை இழந்திருக்கிறார்கள்.

கற்றதைப் பதிவு செய்யும்போது நேரும் தவறு ஒன்று குழந்தைகளையே பாதிக்கிறது. தொழில் தொகுப்பில் சேர்ப்பதற்காகவோ குழுக்களில் விவாதிப்பதற்காகவோ எடுக்கப்படும் படங்களில் முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அரிய நோயும் ஊரும் தேதியும் சேர்ந்தால் அந்தக் குழந்தை யார் என்று அறிந்துவிடலாம். பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும், புரிந்துகொள்ளும் வயதுள்ள குழந்தையாக இருந்தால் அதன் சம்மதமும் இல்லாமல் எந்தப் படமும் வெளியே போகக் கூடாது. தொகுப்பில் சான்றிதழ்களின் நகல்களைவிட மதிப்புள்ளவை, பயிற்சிக்குப் பின் பிரிவில் எது மாறியது என்பதைக் காட்டும் குறிப்புகள். மருந்து சரிபார்ப்புத் தாள் அறிமுகமான மாதம், அதன் முன்னும் பின்னும் பதிவான பிழைகள், தாளைத் திருத்த நேர்ந்த காரணம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தவரிடம் நேர்காணலில் கேட்க நிறைய இருக்கும்.

பயிற்சிக்கு எப்போதும் ஒரே ஓரிருவரை அனுப்புவதும், சென்று வந்தவரை மறுநாளே நெரிசலான பணியில் நிறுத்திவிடுவதும் நிர்வாகத்தின் தவறுகள். திரும்பி வந்த வாரத்திலேயே, அவர் கற்றதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தம் பிரிவினருக்குச் செய்து காட்ட இருபது நிமிடம் பணி அட்டவணையில் ஒதுக்கப்பட வேண்டும். அந்த இருபது நிமிடத்தை இரவுப் பணியாளர்களுக்கும் ஒருமுறை ஒதுக்கி, ஒரு மாதம் கழித்து அதே செயலை அவர்கள் செய்வதைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், அந்தப் பயிற்சி பிரிவில் எந்த அளவுக்கு நிலைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.