சூராட் சும்பாவை நம்பி இருந்துவிடாதீர்கள்: தத்தெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே ஒரு சூராட் சும்பா, அதாவது சத்தியப் பிரமாணக் கடிதம். "என் சம்மதத்தோடு பிள்ளையைக் கொடுக்கிறேன்" என்று பெற்றவள் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய ஒற்றைத் தாள். ஆறு வருடம் அதை நம்பியே இருந்தோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தத்தெடுத்த பத்திரம் எங்கேம்மா?" என்று கேட்டார்கள்.

தோட்டத்தில் இதெல்லாம் யார் கேட்டார்கள்? பெற்றவள் வேலை தேடிப் போய்விட்டால் பக்கத்து லயத்து அக்கா வளர்ப்பார், அவ்வளவுதான். ஆனால் சூராட் சும்பா வெறும் வாக்குமூலம். அது யாரையும் பெற்றோர் ஆக்காது. 2001 சிறார் சட்டப்படி, பிள்ளையை எடுத்து வளர்க்கத் தொடங்கினால் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவிடம் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, மருத்துவச்சியைப் பிடித்துச் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) நம் பெயரையே பெற்றோர் என்று போட்டுக்கொள்வது. அது குற்றம். பிள்ளைக்கு ஐசி (அடையாள அட்டை) எடுக்கும் வயதில் சந்தேகம் வந்து டிஎன்ஏ கேட்டால் மாட்டுவது பிள்ளைதான். பெற்றவளுக்குக் "கைச்செலவுக்கு" என்று பணம் கொடுப்பதும் அப்படியே. தத்தெடுப்புக்காகப் பணம் கைமாறவில்லை என்று நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும்.

இலாகா மூலம் வரும் வளர்ப்புப் பிள்ளை வேறு கதை. எங்கள் மகளுக்கு முன்னால் அண்ணன் தம்பி இருவர் நீதிமன்ற உத்தரவோடு வந்தார்கள். முதல் நாளே "என் பிள்ளைகள்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அவர்களின் அம்மா நிலைமை சரியானதும் திரும்பிப் போனார்கள். சின்னவனின் ஒரு செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது. முடிந்தவரை பிள்ளை சொந்தக் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், வளர்ப்பு ஏற்பாட்டின் நோக்கமே அதுதான். அதைத் தத்தெடுப்பின் முதல் படி என்று நினைத்தது என் தவறு.

சரி, எந்தச் சட்டம்? தீபகற்பத்தில் இரண்டு உண்டு, இரண்டுமே 1952-இல் வந்தவை. தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தில் (சட்டம் 253) இரண்டு வருடம் தொடர்ந்து வளர்த்திருந்தால் நேராகப் பதிவிலாகாவிலேயே பதியலாம். சுலபம் என்று பலர் அதற்கே போகிறார்கள். ஆனால் அதில் சொத்துரிமை தானாக வராது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான தத்தெடுப்புச் சட்டத்தில் (சட்டம் 257) நீதிமன்றம் போக வேண்டும். குறைந்தது மூன்று மாதம் பிள்ளை தொடர்ந்து நம்மிடம் இருக்க வேண்டும், இலாகாவுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் கொடுக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் உத்தரவு கிடைத்தால், சட்டத்தின் கண்ணில் அவள் நாம் பெற்ற பிள்ளை. சந்தேகமே வேண்டாம், இதற்கே போங்கள்.

வீடு பார்க்க அதிகாரி வருகிறார் என்றதும் என் வீட்டுக்காரர் சுவருக்குப் புதுச் சாயம் அடித்தார். வந்தவர் சுவரைப் பார்க்கவே இல்லை. பிள்ளை எங்கே தூங்குகிறாள் என்று பார்த்தார், கிளினிக் அட்டையைக் கேட்டார்.

எங்களை அதிகம் அலையவிட்டது இன்னொன்று. பெற்றவளோடு தொடர்பை அறுத்துவிட்டிருந்தோம், திரும்பக் கேட்டுவிடுவாளோ என்ற பயம். வழக்கு என்று வந்தபோது அவள் சம்மதம் தேவைப்பட்டது. அவளோ ஜொகூர் பக்கம் போயிருந்தாள். ஆள் கிடைக்கவே இல்லை என்றால் சம்மதம் இல்லாமலும் நீதிமன்றம் உத்தரவு தரலாம், ஆனால் உண்மையாகத் தேடினோம் என்று காட்ட வேண்டும். எட்டு மாதம் போனது. போன் நம்பரை வைத்திருந்தால் ஒரு நாள் வேலை.

அப்புறம், குடியுரிமை. தத்தெடுத்ததால் மட்டும் அது வராது. சூராட் பெரானாக்கில் பிள்ளையின் தகுதி என்ன என்று முதலில் பாருங்கள். 'வார்கா நெகாரா' (குடிமகன்) என்று இல்லையென்றால், அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு.

பிள்ளையிடம் மறைத்தோமா? மறைத்தோம். பள்ளியில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த டின்னைத் திறந்து காட்டினேன். எதற்கும் உதவாத அந்தச் சூராட் சும்பாவைத்தான் நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். அவளைப் பெற்றவளின் கையெழுத்து இருப்பது அதில்தான்.