ஊர்ப் படத்துக்கும் பாட்டுக்கும் ஸ்பான்சர் செய்யும் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் சின்னதாக ஒரு பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கிறேன். குறும்பட போஸ்டர், கோயில் நோம்பி நோட்டீஸ், மெல்லிசைக் குழுவின் டிக்கெட், கொட்டு அடிக்கும் ஜமாப் செட்டுக்காரர்களின் விசிட்டிங் கார்டு எல்லாம் நம் மெஷினில் ஓடுவதால், எந்தக் கடை யாருக்கு எவ்வளவு கொடுத்தது, தருகிறேன் என்று சொல்லிவிட்டு எவர் போனை எடுக்கவில்லை என்பதெல்லாம் கேட்காமலே என் காதுக்கு வந்துவிடும். நானும் பத்துப் பதினைந்து படங்களுக்குப் போஸ்டர் சும்மா அடித்துக் கொடுத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பவற்றில் பாதி நானே செய்த தவறுகள்.

கடைக்காரர் காசில் கலை வளர்வது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். 1914இல் இங்கே வெரைட்டி ஹால் என்கிற தியேட்டரைக் கட்டினார், அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் அதே பெயர்தான். பிறகு சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் அப்புறம் பட்சிராஜா ஸ்டூடியோவும் வந்தன. மில் பணமும் வியாபாரிகள் பணமும் புழங்கிய ஊரில்தான் அதெல்லாம் எழுந்தது. அந்த அளவு பணம் இன்று ஒரு பேக்கரிக்காரரிடமோ ஜவுளிக்கடைக்காரரிடமோ இருக்காது, யாரும் அதைக் கேட்டு வருவதும் இல்லை. வருகிறவர்கள் கேட்பது 5,000, 10,000, இல்லையென்றால் "ஒரே ஒரு ராத்திரி கடையைக் கொடுங்கண்ணா." அதைக் கொடுப்பதில்தான் நாம் சொதப்புகிறோம்.

முதலாவதும் மோசமானதும் "பார்க்கலாம் தம்பி" என்று சொல்வது. நம் வியாபார பாஷையில் அதற்கு இல்லை என்று அர்த்தம். கேட்க வந்த பையன் இருபத்திரண்டு வயசுக்காரன், அவனுக்கு அது சரி என்று விழும். அதை நம்பிக் கேமரா வாடகைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் கடை வாசலில் வந்து நிற்பான், நீங்கள் ஈரோடு போயிருப்பீர்கள். முடியாது என்றால் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பையனுக்கு வேறு கடை பார்க்க நேரமாவது கிடைக்கும்.

தருவதாக இருந்தால் முன்னாலேயே தந்துவிட வேண்டும். "படம் முடியட்டும், பார்த்துட்டுத் தர்றேன்" என்பதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் சின்னப் படத்தில் செலவு எல்லாமே அன்றன்றைக்கு ஆகிற செலவு. கேமரா, லென்ஸ், லைட் வாடகை, வண்டிக்கு டீசல், பதினைந்து பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இதில் எதுவும் கடனுக்குக் கிடைக்காது. படம் முடிந்து நீங்கள் தரும் பணம் அவன் வாங்கிய வட்டிக் கடனை அடைக்கத்தான் போகும்.

கொட்டுக்காரர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. ஒரு கடையின் ஆண்டு விழாவுக்கு ஜமாப் செட்டு வந்திருந்தது, டெம்போவில் பன்னிரண்டு பேர். இரண்டு மணி நேரம் அடித்தார்கள், தெருவே நின்று பார்த்தது, வீடியோ எடுக்காத ஆள் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டர் இறங்கிவிட்டது, முதலாளி போன் ஸ்விட்ச் ஆஃப். நோட்டீஸ் பாக்கிக்காக நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். செட்டுத் தலைவர் கொஞ்ச நேரம் ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்து, "ஏனுங்ணா, ஒரு ஆயிரம் இருந்தாக் குடுங்க, டீசல் அடிக்கோணும்" என்றார். பெரியவர், என் அப்பா வயசு இருக்கும். அன்றைக்கு முடிவு செய்தேன், என் மூலமாக யார் கொட்டு பேசினாலும் பாதிப் பணம் அச்சாரமாக, மீதி அவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே. அடித்து முடித்த பிறகு பேரம் பேசுகிற கடைகளுக்கு இப்போது நான் ஆளைச் சொல்வதே இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பேச்சு, "உங்களுக்கும் விளம்பரம் கிடைக்குமே, சும்மா வாசிச்சுட்டுப் போங்க." சரி, உங்கள் கடையில் நாளைக்கு நான் ஒரு கிலோ மைசூர்பா சும்மா வாங்கிக்கொண்டு, நாலு பேரிடம் சொல்கிறேன் என்றால் விடுவீர்களா? பணம் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கூப்பிடுங்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, கல்யாணங்களை நம்பி இருக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் நாதஸ்வரக்காரருக்கும் அப்போது வேலை குறைவு, கொஞ்சம் குறைத்தே வருவார்கள், உங்களால் அவர்களுக்கும் அந்த மாதம் ஓடும்.

காசை விட அதிகம் வலிக்கிற தவறு ஒன்று உண்டு. ஸ்பான்சர் ஆகிவிட்டோம் என்றதும் பறை அடிக்க வந்த அறுபது வயசுக்காரரை "ஏப்பா, நீ இங்க வா" என்கிறோம். கீபோர்டு வாசிக்க வந்த பையன் "சார்." மேடைக்காரர்களுக்கு உள்ளே டேபிள் போட்டுச் சாப்பாடு, கொட்டுக்காரர்களுக்கு வெளியே பொட்டலம். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை, பழக்கம், அவ்வளவுதான், ஆனால் எந்தப் பழக்கம், எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே பந்தியில் உட்கார வைக்க முடியாது என்றால் தயவுசெய்து அவர்களைக் கூப்பிடாதீர்கள். சென்னையில் கர்நாடகக் கச்சேரிகளே நிறைந்த மார்கழி மாதம் நாட்டுப்புறப் பாட்டுக்கும் கானாவுக்கும் தனி மேடை போட்டு இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு 2020இல் மார்கழியில் மக்களிசை தொடங்கியதே, அந்த மேடைக்கு என்ன தேவை இருந்தது என்று யோசித்துப் பார்த்தால் நம் விழாவில் எதை மாற்ற வேண்டும் என்பது தானாகப் புரியும்.

விழா நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள், தோல் சூடேறி இறுகினால்தான் அந்தக் கணீர் சத்தம் வரும். ஆறு மணி என்று சொன்னீர்கள், அவர்கள் ஐந்தே முக்காலுக்கு வைக்கோல் கொளுத்திக் காய்ச்சித் தயாராக நிற்கிறார்கள். சிறப்பு விருந்தினர் வருவது ஏழரைக்கு. அதற்குள் தோல் தளர்ந்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும், மழைத் தூறல் விழுந்தால் கதை முடிந்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுங்கள். பொன்னாடை போர்த்துவதை ஐந்து நிமிஷத்தில் முடியுங்கள், அல்லது விட்டேவிடுங்கள். ஒருவர் வீட்டில் எத்தனை பொன்னாடைதான் இருக்கும், அதை வைத்து என்ன செய்வார்?

காசு இல்லையே என்று ஒதுங்குவதும் தவறுதான், ஏனென்றால் ஒரு கடையிடம் காசைத் தவிர நிறைய இருக்கிறது. மாடியில் சும்மா கிடக்கும் ஹால் ஒரு பேண்டுக்கு வாரம் இரண்டு மாலை ஒத்திகைக்கு உதவும், அதற்கு நீங்கள் தரும் கரண்ட் பில் ஒரு பெரிய தொகையே இல்லை. டெலிவரி வண்டி ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டுதானே இருக்கிறது? பேக்கரி என்றால் டீயும் தேங்காய் பன்னும், மெஸ் என்றால் சாப்பாடு. சின்னப் படத்தில் பட்ஜெட்டைத் தின்பது நிஜமாகவே சாப்பாடுதான்.

கடையை ஷூட்டிங்குக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் நண்பர் ஒருவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். பேக்கரி வைத்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்குக் கடை அடைத்ததும் பையன்கள் வந்தார்கள், காலை ஐந்துக்குள் முடித்துவிடுவதாகப் பேச்சு. ஸ்பாட்டிலேயே வசனம் பதிவு செய்வதால், ஃப்ரீசர் மோட்டார் சத்தம் மைக்கில் உர்ர்ர் என்று விழுகிறது என்று சவுண்டுக்காரப் பையன் சொல்ல, பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். படம் நன்றாக வந்தது. பிளக்கைத் திரும்பச் சொருக யாருக்கும் ஞாபகம் வரவில்லை. காலையில் நண்பர் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர், இரண்டு பிறந்தநாள் ஆர்டர் கேக் சாய்ந்து படுத்திருக்கிறது. "இனிமே சினிமான்னு எவனாவது வந்தா…" என்று கத்தினார். இதற்கு ஷூட்டிங்காரர்களிடமே பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஃப்ரீசரை அணைப்பவர் தன் பைக் சாவியை அதற்குள்ளே வைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போக சாவி வேண்டுமே, திறந்துதானே ஆக வேண்டும், அப்போது பிளக் ஞாபகம் வந்துவிடும். நண்பர் இப்போது சாவியைத் தானே வாங்கி உள்ளே வைக்கிறார். ஆம், இன்னும் கடையைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்புறம், கதையில் கை வைப்பது. இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. அப்பா செத்த செய்தி வருகிற காட்சியில் ஹீரோ டீ கப்பைக் கேமராவைப் பார்த்துத் திருப்பிப் பிடித்திருக்கிறான், கப்பில் கடைப் பெயர். ஸ்பான்சர் வற்புறுத்தியது. திரையிட்ட அன்றைக்கு அந்த இடத்தில் ஹாலே சிரித்தது. கடைப் போர்டு பின்னால் இயல்பாகத் தெரிந்தால் தெரியட்டும், இல்லையென்றால் டைட்டிலில் நன்றி என்று வரும், அது போதும். போஸ்டரிலும் அப்படித்தான். பன்னிரண்டு லோகோவைக் கீழே அடுக்கி, "எங்க லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசா" என்று பன்னிரண்டு பேரும் போன் செய்து, கடைசியில் படத்தின் பெயரைத் தேட வேண்டியிருந்த போஸ்டரை நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பாட்டு விஷயத்தில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறோம். உள்ளூர் இசைக்குக் கைகொடுக்கிறோம் என்று ரீல்ஸ் போட்டு, பின்னணியில் பிரபலமான சினிமாப் பாட்டை ஓட விடுவார்கள். கடை விளம்பரத்துக்கு அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. கடைக்குள் ஸ்பீக்கரில் பாட்டுப் போடவே, பாட்டின் உரிமையாளர்கள் சார்பில் பணம் வசூலிக்கும் பிபிஎல், ஐபிஆர்எஸ் மாதிரி அமைப்புகளிடம் உரிமம் வாங்க வேண்டும். கல்யாண ஊர்வலத்துக்கும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, கடை ஆண்டு விழாவுக்கு இல்லை.

அதற்குப் பதில் ஊரில் இருக்கும் ஒரு இசையமைப்பாளரிடம் முப்பது செகண்டுக்கு ஒரு டியூன் போடச் சொல்லிக் காசு கொடுங்கள், அதுதான் நிஜமான ஆதரவு. ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. காசு கொடுத்துவிட்டதாலேயே டியூன் உங்களுடையது ஆகிவிடாது. உரிமையை எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றினால்தான் செல்லும். அந்தத் தாளில் எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதுங்கள்: எந்த டியூன், எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், எத்தனை வருஷம், எவ்வளவு பணம், பெயர் எங்கே வரும். மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ளும் பேராசை வேண்டாம், உங்களுக்குத் தேவை விளம்பரத்துக்கு மட்டும்தான். அந்த மெட்டைப் பெரிய பாட்டாக்கி அவர் எங்காவது பாடிப் பிழைக்கட்டும்.

தியேட்டரில் திரையிட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க. பொதுமக்களுக்குத் தியேட்டரில் காட்டும் படம் பத்து நிமிஷப் படமானாலும் சென்சார் சான்றிதழ் வேண்டும், 1952ஆம் வருஷச் சட்டம். யூடியூபில் போட அது தேவையில்லை என்பதால் பையன்கள் பலர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள், நீங்களும் ஹாலுக்கு அட்வான்ஸ் கட்டிவிடுவீர்கள். பென் டிரைவில் கொண்டுபோனாலும் ஓடாது, டிசிபி என்கிற தியேட்டர் வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆகும் நாளையும் காசையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் தேதியைச் சொல்லுங்கள், போஸ்டர் அடிக்க என்னிடம் வருவது அதற்குப் பிறகு.

ஃப்ளெக்ஸ் அடித்துப் பிழைப்பவன் நானே சொல்கிறேன், அனுமதி இல்லாமல் ரோட்டில் பேனர் கட்டாதீர்கள். 2019இல் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து வண்டியில் போன ஒரு பெண் உயிர் போனது யாருக்கும் மறந்திருக்காது. திறந்த வெளியில் ஸ்பீக்கரை ராத்திரி பத்து மணிக்கு அணைத்துவிட வேண்டும் என்பதும் சட்டம்தான். போலீஸ் வந்தால் நீங்கள் கடைக்குள்ளே நழுவிவிடுவீர்கள், திட்டு வாங்குவது மேடையில் நிற்கும் பாடகர்.

கணக்கு. கையில் ஐநூறு ஐநூறாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது பெருந்தன்மை மாதிரி தெரியும், வருஷக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போது முழிப்பீர்கள். உங்கள் கடைப் பெயர் போஸ்டரில் வருகிறதென்றால் அது விளம்பரச் செலவு, ஒரு பில்லோ கையெழுத்துப் போட்ட வவுச்சரோ வாங்கி, போஸ்டரையும் சேர்த்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். நன்கொடை என்று காட்டி வரிச்சலுகை எதிர்பார்ப்பதென்றால் வாங்குகிற அமைப்புக்கு வருமானவரித் துறையில் அதற்கான பதிவு (80ஜி என்பார்கள்) இருக்க வேண்டும், நாலு கல்லூரிப் பையன்கள் சேர்ந்து எடுக்கும் படத்துக்கு அது எங்கே இருக்கப் போகிறது?

கடைசியாக ஒன்று. டைட்டில் கார்டில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்பதைப் போனில் சொல்லாதீர்கள், எழுதி அனுப்பி, படத்தை முடித்து வெளியே எடுப்பதற்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட் வாங்கிப் பாருங்கள். ஊரில் உள்ளவர்கள் பெயருக்கெல்லாம் புரூஃப் பார்க்கிற நான் என் பெயருக்குப் பார்க்கவில்லை. போஸ்டர், நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் சும்மா அடித்துக் கொடுத்த ஒரு படத்தின் முடிவில், "அச்சகம்" என்ற வார்த்தையில் ஓர் எழுத்து விட்டுப்போய், "நன்றி" என்று போட்டு அதற்குக் கீழே எங்கள் பெயரோடு "அச்சம், கோவை" என்று வருகிறது. யூடியூபில் இன்றைக்கும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.