பாக்கெட்டு முன்பக்கத்த நம்பாதீங்க: இயற்கை சாப்பாடுன்னு நாம பண்ணுத தப்புகள்

திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து தென்காசி ரோட்டப் பிடிச்சுப் போனா இப்ப வழியெல்லாம் "இயற்கை அங்காடி", "சிறுதானியம்", "மரச்செக்கு"ன்னு போர்டு தான், பாக்க சந்தோஷமா இருக்கு, ஆனா அந்தக் கடைக்குள்ள போயி நாம எதத் தூக்கிட்டு வாரோம்னு பாத்தா பாதி மறுபடியும் பாக்கெட்டு. மைதா பிஸ்கட்டுக்குப் பதிலா ராகி பிஸ்கட், சாதா நூடுல்ஸுக்குப் பதிலா தினை நூடுல்ஸ், வெள்ளை பிரெட்டுக்குப் பதிலா பிரவுன் பிரெட். நான் பாக்குத தப்புலயே பெரிய தப்பு இதுதான்.

அந்த தினை நூடுல்ஸ் பாக்கெட்ட கையில எடுங்க. முன்னாடி பச்சைக் கலரு, கதிர் படம், கொட்டை எழுத்துல "தினை". திருப்புங்க, பொடி எழுத்துல பொருள் பட்டியல் இருக்கும், எது எடையில அதிகமோ அதத்தான் முதல்ல போடணும்னு நம்ம நாட்டு உணவுச் சட்டம் சொல்லுது. முதல் பேரே "ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்"னு இருந்தா அது மைதா தான், வேற ஒண்ணும் இல்ல. தினை அதுக்குப் பொறவு வரும், பக்கத்துலயே எத்தனை சதவீதம்னு போட்டிருப்பாங்க, அது 10, 15ன்னு இருந்தா நீங்க காசு குடுத்தது தினைப் படத்துக்கு. பொறவு பாமாயில், மசாலா பொட்டலத்துல உப்பு, சீனி, மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒரு மாவுச்சத்துப் பொடி. பிரவுன் பிரெட்டத் திருப்பினா 150ன்னு ஒரு நம்பர் இருக்கும், சேர்மானம் ஒவ்வொண்ணுக்கும் இப்படி ஒரு நம்பர் உண்டு, இது கேரமல் கலரு, பல பிரெட்டுல அந்தப் பழுப்பு நிறம் தவிட்டுல இருந்து வரல, இதுல இருந்து தான் வருது.

"அதே மாவுச்சத்து, அதே உப்பு தானே, வீட்டுல பண்ணினா என்ன, பாக்கெட்டா இருந்தா என்ன"ன்னு கேப்பாங்க. அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் குழு 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 20 பேர அங்கேயே தங்க வச்சு ரெண்டு வாரம் அல்ட்ரா பிராசஸ்ட் சாப்பாடு (ஃபேக்டரில பல சேர்மானம் போட்டு பண்ணுத பாக்கெட்டு வகை), ரெண்டு வாரம் சாதாரண சமையல், ரெண்டுலயும் பரிமாறின சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமா இருக்குத மாதிரி, வேணுங்குத அளவு சாப்பிடலாம். பாக்கெட்டு வகை சாப்பிட்ட நாள்ல ஒருத்தர் சராசரியா 500 கலோரி கூட சாப்பிட்டாங்க, ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையும் ஏறிச்சு. யாரும் வற்புறுத்தல, மெத்துனு இருக்கு, மெல்லவே வேண்டாம், வயிறு போதும்னு சொல்லுததுக்கு முன்னாடி தட்டு காலி.

இதப் படிச்சுட்டு அடுத்த தப்புல விழுவோம், நம்பர் பாத்தாலே பதறுதது. 100ன்னா மஞ்சள்ல இருக்குத குர்குமின், 300ன்னா வைட்டமின் சி, 330ன்னா எலுமிச்சைல இருக்குத அதே சிட்ரிக் அமிலம். நம்ம பதநீரே சுண்ணாம்பு தடவுன கலயத்துல இறக்குததுனால தான் கள்ளா மாறாம இருக்கு, அதுவும் ஒரு சேர்மானம் தானே. அதனால எல்லா நம்பரையும் விட்டுட்டு சிலத மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க: 102, 110, 122, 124, இதெல்லாம் செயற்கைச் சாயம். 102, 110 மாதிரி ஆறு சாயத்துல எது இருந்தாலும் "குழந்தைகளோட செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்"னு லேபிள்ல எச்சரிக்கை போடணும்னு ஐரோப்பாவுல 2010ல இருந்தே சட்டம். இங்க அளவோட அனுமதி இருக்கு, ஆனா பிள்ளைக்கு தினமும் ஒரு பாக்கெட்டுன்னா அளவ யாரு கணக்கு வைக்க?

இதுல பாக்கெட்ட மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. கேசரிக்கு ஒரு சிட்டிகை கலர் பொடி, பிரியாணிக்கு ஒரு சிட்டிகை, சிக்கனுக்கு ரெண்டு, இது நம்ம அடுப்பாங்கரைல நாமளே போடுதது. 2024 பிப்ரவரில ரோடமின் பி சாயம் இருந்ததுன்னு பஞ்சு மிட்டாய தமிழ்நாட்டுல தடை பண்ணினாங்க, அது துணிக்குப் போடுத சாயம். நம்ம ஊரு அல்வாவப் பாருங்க, கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் தான், சீனி முறுகி, நேரம் எடுத்துக் கிண்டக் கிண்ட வருதது தான் அந்த நிறம். கலர் பொடி இல்லாமலே நிறம் வரும்னு நம்ம ஊருக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தரணுமா?

கருப்பட்டி பத்தி கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், ஏன்னா இங்க தான் நம்மாளுங்க ரொம்ப ஏமாறுதாங்க. உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, நல்ல பேரு, அதனாலேயே சீனிப்பாகு கலந்து சிரட்டைல ஊத்தி விக்குததும் நடக்கு. பதநீர் சீசன் பங்குனில இருந்து ஆடி வரை தான், ஏற ஆளும் குறைஞ்சு போச்சு, பனங்காட்டுக்காரங்க உழைப்புக்கு உள்ள விலை நிச்சயம் சீனி விலைல பல மடங்கு இருக்கும், மலிவா கிடைச்சா சந்தேகப்படுங்க. ஆனா சுத்தக் கருப்பட்டியே கிடைச்சாலும் அதுல பெரும்பகுதி சுக்ரோஸ் தான், அதாவது சீனில உள்ள அதே இனிப்பு. "கருப்பட்டி காப்பி தானே"ன்னு சர்க்கரை வியாதிக்காரங்க மூணு டம்ளர் குடிக்குதாங்க, இது ஆபத்து, வெல்லமும் தேனும் அப்படித்தான். ஒரு நாளைக்கு சேக்குத இனிப்பு எல்லாம் சேத்து 25 கிராமுக்குள்ள, சுமார் ஆறு டீஸ்பூன், இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, தேனும் அந்தக் கணக்குல தான் வருது. வெல்லம் வாங்கும்போது பளிச்னு மஞ்சளா இருக்குதத விட்டுட்டு கருத்தத எடுங்க, பளிச்னு வர ஹைட்ரோஸ்னு ஒரு வெளுக்குத ரசாயனம் போடுதாங்க.

உப்புலயும் ஒரு தப்பு. இயற்கைன்னு அயோடின் உப்ப நிறுத்திட்டு இந்துப்புக்கும் வெறும் கல் உப்புக்கும் மாறிடுதாங்க. அயோடின் இல்லாத உப்ப சமையலுக்கு விக்கக்கூடாதுன்னு 2006ல சட்டமே கொண்டுவந்தது கழுத்துக் கழலைக்காகவும் வயித்துல இருக்குத பிள்ளையோட மூளை வளர்ச்சிக்காகவும் தான். மாசமா இருக்குத பிள்ளைங்க உள்ள வீட்டுல இத விளையாட்டா எடுத்துடாதீங்க. கல் உப்புலயே அயோடின் சேத்தது கிடைக்கு, அத வாங்குங்க. எந்த உப்பா இருந்தாலும் நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஊறுகா, வத்தல், கருவாடு, அப்பளம் எல்லாம் இந்தக் கணக்குக்குள்ள தான்.

செக்கு எண்ணெய் வாங்கிட்டு அதையே மூணு நாள் திருப்பித் திருப்பி காய்ச்சினா செக்கால ஒரு லாபமும் இல்ல. வடைய தாள்ல பிழியுததும் வேண்டாம், அச்சு மை எண்ணெய்ல கரையும், வாழை இலை எங்க கிடைக்காம போச்சு? அதே மாதிரி பூசணம் பிடிச்ச கடலை, சுருங்கிக் கறுத்த கடலை, அது எவ்வளவு நாட்டு ரகமா இருந்தாலும் தூரப் போடுங்க, அந்தப் பூசணத்துல வருத அஃப்ளடாக்சின் ஈரலுக்கு விஷம், வறுத்தாலும் முழுசா போகாது.

கடைசியா, கீன்வா, சியான்னு வெளிநாட்டு விதைகள ஆன்லைன்ல வரவழைக்குதது. தப்புன்னு சொல்லமாட்டேன், காசு தான் வீண். மகாராஜநகர் உழவர் சந்தைல அந்தந்த மாசம் எது குமிஞ்சு கிடக்கோ அத வாங்குங்க. தொலி உள்ள கறுப்பு உளுந்துல உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பண்ணுங்க, நம்ம ஆச்சிமாரு வயசுக்கு வந்த பிள்ளைக்குன்னு பாத்துப் பாத்து பண்ணினது.

பிள்ளைங்க சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேக்குத பண்டத்துல தான் பாக்கெட்டு வீட்டுக்குள்ள நுழையுது, அதனால அந்த ஒரு வேளைய மட்டும் முதல்ல மாத்துங்க. சித்திரைல நுங்கு, கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை, தைல பனங்கிழங்கு அவிச்சு, மத்த நாள்ல அவல் நனைச்சு தேங்காப்பூ போட்டு கொஞ்சமா கருப்பட்டி சீவி, இல்லன்னா கடலை அவிச்சது. முதல் வாரம் முகத்தத் திருப்புவாங்க, பசிச்சதும் சாப்பிடுவாங்க, வீட்டுல பாக்கெட்டு இல்லாம பாத்துக்கிடுதது நம்ம பொறுப்பு.