நிலத்துக்குள் வயர் தேடும்போது வன்னியில் அடிக்கடி நடக்கும் பிழைகள்

வன்னியில் வீதியோர மின்கம்பிகள் பெரும்பாலும் தூணில்தான் போகின்றன. நிலத்துக்குள் கிடப்பவை வளவுக்குள் நாமே தாட்டவை: மீற்றரிலிருந்து பின்வீட்டுக்கு, வீட்டிலிருந்து தோட்டக் கிணற்று மோட்டருக்கு, அரிசி ஆலையின் ஒரு கொட்டிலிலிருந்து அடுத்த கொட்டிலுக்கு. எது எந்த வழியால் போகிறது என்று வரைபடம் வைத்திருப்பவர்கள் குறைவு. தாட்டவர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது வளவே கைமாறியிருக்கும். மோட்டர் நின்றதும் யாரோ ஒருவர் கையில் பிடிக்கும் கேபிள் லொக்கேற்றரோடு வருவார். இரண்டு மணித்தியாலம் கழித்து வளவெல்லாம் குழியாக இருக்கும், 'மெஷின் பிழை' என்று முடிவாகும்.

மெஷின் அநேகமாகச் சரியாகத்தான் சொல்லியிருக்கும், ஆனால் நாம் கேட்டது வேறு. இந்தக் கருவிக்கு செம்பும் தெரியாது, பி.வி.சி உறையும் தெரியாது. மாறி மாறி ஓடும் கரண்டைச் சுற்றி எழும் காந்தப்புலம் ஒன்றைத்தான் அது பிடிக்கிறது. கேபிளில் கரண்ட் ஓடாவிட்டால் சத்தம் வராது. முள்ளுக்கம்பி வேலியில் ஓடினால் வேலி சத்தம் போடும். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

முதலில் கருவியே மாறிப்போகும் சங்கதி. இணையத்தில் மலிவாக வாங்கும், ஒன்பது வோல்ட் பற்றரியில் வேலை செய்யும் டோன் ட்ரேசர், ரெலிபோன் வயரையும் நெட்வேர்க் கேபிளையும் சுவருக்குள் தேடச் செய்தது. அது பிடிப்பது பெரும்பாலும் மின்புலத்தை. ஈரமண் மின்புலத்தை மறைத்துவிடும். ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் கேபிளையே அது கோட்டைவிடும். பேனா போன்ற ரெஸ்டரும் அப்படித்தான்: நிலத்தில் வைத்து அது சத்தம் போடவில்லை என்பதால் கீழே கரண்ட் இல்லை என்று நினைத்து வெட்டப் போகாதீர்கள். டோன் ட்ரேசரை உயிருள்ள 230 வோல்ட் லைனில் கொழுவினால் கருவியோடு கையும் போகலாம்.

இன்னொரு குழப்பம் வன்னிக்கே உரியது. கேபிள் லொக்கேற்றரும் மெற்றல் டிரெக்ரரும் ஒன்றல்ல. லொக்கேற்றர் மௌனமாக இருந்தால் அந்த இடத்தில் அது பிடிக்கக்கூடிய கரண்ட் இல்லை என்பதுதான் அர்த்தம். கீழே எறிகணை இல்லை, மிதிவெடி இல்லை என்று அது ஒருபோதும் சொல்லாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடம் இழுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தக் கருவியோடும் போகவேண்டாம். துப்புரவாக்கிக் கையளித்த காணியிலும், கிண்டும்போது துருப்பிடித்த, உருண்டையோ நீளமோ ஆன ஏதாவது தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். வந்த வழியாலேயே திரும்பி, இடத்தை அடையாளம் வைத்து, பொலிஸுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். அலவாங்கால் தட்டிப் பார்ப்பது, 'பழைய இரும்புதானே' என்று இழுத்து வெளியே போடுவது இரண்டும் வேண்டாம். மோட்டர் இன்னும் ஒரு கிழமை நிற்கட்டும்.

சரி, இனி தேடுவதற்கு வருவோம்.

பெரும்பாலான லொக்கேற்றர்களில் 'பவர்' என்று ஒரு நிலை இருக்கும். கேபிளுக்குள் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இல்லாமலே, கையில் பிடிக்கும் ரிசீவர் மட்டும் 50 ஹேர்ட்ஸ் மெயின் கரண்டைக் கேட்கும் நிலை அது. அதை மட்டும் போட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு, 'இங்கே ஒன்றுமில்லை' என்பது பெரிய பிழை. லோட் இல்லாத கேபிளில் கரண்ட் ஓடாது. லோட் இருந்தாலும் லைனும் நியூட்ரலும் ஒரே உறைக்குள் அருகருகே போவதால், போகும் கரண்டின் புலத்தை வரும் கரண்டின் புலம் கிட்டத்தட்ட அழித்துவிடும். சோலார் பனலிலிருந்து கொன்ட்ரோலருக்கு வரும் வயரில் ஓடுவது நேரோட்டம், அதில் 50 ஹேர்ட்ஸே இல்லை. ஆகவே பவர் நிலையில் சத்தம் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. வராவிட்டால் எதையும் முடிவு செய்ய முடியாது.

டிரான்ஸ்மிட்டரை நேரடியாகக் கொழுவுவதுதான் நம்பத்தக்க வழி. மெயினை நிறுத்தி, இரண்டு முனையையும் கழற்றி, ரெஸ்டரால் பார்த்து உறுதி செய்த பிறகு. அதிலும் பிழைவிடுவார்கள். டிரான்ஸ்மிட்டரின் இரண்டு வயரையும் அதே கேபிளின் லைனுக்கும் நியூட்ரலுக்கும் கொழுவுவார்கள். முன்பு சொன்னதுபோலப் புலம் அழிந்து, ரிசீவரில் முனகல் மட்டும் வரும். அல்லது ஒன்றை லைனுக்கும் மற்றதை வீட்டு ஏர்த்துக்கும் கொடுப்பார்கள். சிக்னல் தண்ணீர்க் குழாய், கிணற்றுக் குழாய், பக்கத்துக் கேபிள் என்று அகப்பட்டதிலெல்லாம் திரும்பிவரும். சரியான முறை, ஒரு வயரைத் தேடும் கேபிளின் ஒரு கோருக்கு (உறைக்குள் போகும் தனிக் கம்பிக்கு) கொடுத்து, மற்றதை ஏர்த் கம்பிக்குக் கொடுப்பது. அந்தக் கம்பியை கேபிள் போவதாக நினைக்கும் பக்கத்துக்குச் செங்குத்தாக, முடிந்தவரை தள்ளி அடிக்க வேண்டும். வேலியை ஒட்டி அடிக்கக்கூடாது. கேபிளின் தூர முனையிலும் அதே கோரை ஒரு ஏர்த் கம்பியில் கட்டிவிட வேண்டும். கரண்ட் சுற்றி வர வழி வேண்டுமே.

ஓகஸ்ட் மாதத்தில் கிளிநொச்சிப் பக்கத்துச் செம்மண் எப்படி இறுகிக் கிடக்கும் என்று தெரியும். கம்பி அரை அடி இறங்கியதும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காய்ந்த மண்ணில் கரண்ட் ஓடாது. கம்பியைச் சுற்றி ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். முல்லைத்தீவுக் கரையோரக் காய்ந்த மணலென்றால் தண்ணீரில் ஒரு பிடி உப்பும் கலக்கலாம். டிரான்ஸ்மிட்டரில் கரண்ட் அளவைக் காட்டும் இடம் இருந்தால், தண்ணீர் ஊற்ற ஊற்ற இலக்கம் ஏறுவதைப் பார்க்கலாம். ஏறாவிட்டால் மேலே நடந்து பிரயோசனமில்லை.

அதிர்வெண்ணைத் தெரிவதிலும் ஆசை காட்டும் ஒரு பொறி இருக்கிறது. 33 கிலோ ஹேர்ட்ஸ், அதற்கு மேல் போட்டால் உடனே பெரிய சத்தம் வரும், மனதுக்கும் திருப்தி. ஆனால் உயர்ந்த அதிர்வெண் பக்கத்தில் கிடக்கும் உலோகத்துக்கெல்லாம் தாவும். நம்மூர் வளவில் பக்கத்தில் கிடப்பது முள்ளுக்கம்பி வேலி. ஐந்து வரி கம்பி, வளவைச் சுற்றி ஓடுகிறது, அதைவிட நல்ல ஏரியல் கிடையாது. வேலியோரமாக நடந்து, 'கேபிள் நேராக வேலிக்குக் கீழேதான் போகிறது' என்று சொல்பவர்களில் பலர் பின்தொடர்ந்தது வேலியைத்தான். 512 ஹேர்ட்ஸ், 8 கிலோ ஹேர்ட்ஸ் போன்ற குறைந்ததில் தொடங்குங்கள். சத்தம் குறைவாக இருக்கும், ஆனால் அவ்வளவாகத் தாவாது. அது முடியாத இடத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

கேபிளைத் தொட முடியாதபோது டிரான்ஸ்மிட்டரை நிலத்தில் வைத்துத் தூண்டும் முறை இருக்கிறது. அப்போது ரிசீவர் கிட்ட நின்றால் நிலத்துக்குள் இருந்து வருவதை அல்ல, காற்றினூடாக டிரான்ஸ்மிட்டரையே நேரே கேட்கும். பத்து மீற்றருக்கு அப்பால் போய்த் தேடத் தொடங்குங்கள்.

ஆழ இலக்கத்தை நம்பித்தான் கனபேர் கேபிளை வெட்டுகிறார்கள். திரையில் 0.80 என்று வந்ததும், அரை மீற்றர் வரை பயமில்லாமல் போடலாம் என்று நினைப்பு. அந்த இலக்கம் ஒற்றைக் கேபிளைச் சுற்றிய வட்டமான புலத்துக்கான கணக்கு. வளைவில், மூட்டில், இரண்டு கேபிள் அருகருகே போகுமிடத்தில், வேலிக்குக் கிட்ட அது பிசகும். சோதிக்க இரண்டு வழி உண்டு. உச்ச சத்தம் காட்டும் நிலையிலும், சத்தம் அறுந்துபோகும் நிலையிலும் கேபிளின் இடத்தைக் குறியுங்கள். இரண்டு குறிக்கும் இடையில் ஒரு சாண் விலகல் இருந்தாலே புலம் நெளிந்திருக்கிறது, ஆழத்தை நம்பாதீர்கள். அடுத்து, ரிசீவரை நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தூக்கிப் பிடித்து மறுபடி அளவுங்கள். இலக்கமும் 30 கூட வேண்டும். 0.80 இருந்த இடத்தில் 0.92 வந்தால் அந்த 0.80 சும்மா ஒரு இலக்கம்.

வீதியோரம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. கண்ணாடி இழைக் கேபிள்களில் உலோகமே இல்லாத வகையும் உண்டு. அதை எந்த லொக்கேற்றரும் காணாது. ஏ9 வீதி ஓரத்தில் கிண்டுவதற்கு முதல் தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

பழுதைத் தேடும்போது

வழி தெரிந்துவிட்டது, இனிப் பழுது. இங்கே நடக்கும் முதல் பிழை, என்ன பழுது என்று தெரியாமலே தேடத் தொடங்குவது. கோர் அறுந்திருக்கிறதா, லைனும் நியூட்ரலும் ஒட்டியிருக்கிறதா, உறை உரிந்து மண்ணுக்குக் கசிகிறதா? மூன்றுக்கும் மூன்று வழி. அதை மெகர் (உயர்ந்த வோல்ட் கொடுத்து உறையின் காப்பை அளக்கும் கருவி) சொல்லும், ஆனால் மோட்டரைக் கழற்றாமல் மெகர் போட்டால் மோட்டரின் சுருள் ஷோட் மாதிரிக் காட்டும். சோலார் கொன்ட்ரோலரையோ இன்வேர்ட்டரையோ கழற்றாமல் 500 வோல்ட் கொடுத்தால், பழுது ஒன்றாக இருந்தது இரண்டாகும். அளந்து முடிந்ததும் கேபிளில் தங்கிய சார்ஜை இறக்காமல் முனையைத் தொடாதீர்கள்.

காலமும் ஏமாற்றும். மாரியில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும், வைகாசியில் ஆள் வந்து மெகர் போட்டால் எல்லாம் நல்லாயிருக்கும். காய்ந்த மண் கசிவை மூடி மறைத்துவிடுகிறது. சந்தேகப்படும் பகுதியில் தண்ணீரை நன்றாக இறைத்து ஊறவிட்டு அளவுங்கள். ட்ரிப் சுவிட்ச்தான் பழுது என்று சொல்லி அதைத் தாண்டி நேரே கொழுவிவிடும் வேலையும் நடக்கிறது. ஈரக் கிணற்றடியில் வெறுங்காலோடு நிற்கும் ஆளுக்கு அந்த 30 மில்லி அம்பியர் சுவிட்ச் ஒன்றுதான் காவல்.

மண்ணுக்குக் கசியும் பழுதை ஏ-பிரேமால் பிடிக்கலாம். இரண்டு கூர்க்கால்களை நிலத்தில் குத்தி, மண்ணில் பரவும் கரண்டால் வரும் வோல்ட் வித்தியாசத்தைப் பார்க்கும் சட்டம் அது. அம்புக்குறி பழுதின் பக்கம் காட்டும், தாண்டியதும் திரும்பும். வழி தேடும்போது தூர முனையை ஏர்த்தில் கட்டினோம் அல்லவா, அதைக் கழற்ற மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. கழற்றாவிட்டால் கரண்ட் அந்தக் கம்பியால் வசதியாக இறங்கும், அம்பும் அங்கேயே கூட்டிக்கொண்டு போகும். பழுது தேடும்போது மண்ணுக்குப் போக அந்தப் பழுதைத் தவிர வேறு வாசல் இருக்கக்கூடாது.

ஷோட்டையும், உறைக்குள்ளேயே அறுந்த கோரையும் ஏ-பிரேம் காட்டாது. இன்னொன்று நம்மவர் வழக்கத்தால் வருவது: கேபிளைத் தண்ணீர்க் குழாய்க்குள் விட்டுத் தாட்பது. கேபிள் குழாயின் நடுவில் உரிந்திருக்கும், குழாய்க்குள் தண்ணீர் நிற்கும், கரண்ட் அந்தத் தண்ணீரால் போய் சரியாக ஒட்டாத ஒரு சொக்கட்டால் (குழாய் மூட்டால்) மண்ணுக்குள் இறங்கும். அம்பு காட்டுவது அந்தச் சொக்கட்டை. அங்கே கிண்டி, கேபிள் நல்லாயிருப்பதைப் பார்த்துவிட்டு மெஷினைத் திட்டாதீர்கள். அந்த இடத்தில் குழாயை வெட்டி, கேபிளை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள்.

ஷோட்டுக்கும் அறுந்ததற்கும் டீ.டீ.ஆர் கருவி. துடிப்பு ஒன்றை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைத் தூரமாக மாற்றிச் சொல்லும். இந்த மாற்றத்துக்குத் துடிப்பின் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்று நாம் கொடுக்க வேண்டும். கருவி 0.66இல் இருக்க, கேபிளின் உண்மையான எண் 0.58 என்று வைப்போம். திரையில் 62 மீற்றர் வந்தால் பழுது ஏறத்தாழ 54.5 மீற்றரில் கிடக்கும். ஏழரை மீற்றர் தள்ளிக் கிண்டுவீர்கள். அதே கேபிளில் நீளம் தெரிந்த ஒரு துண்டை அளந்து எண்ணைச் சரிசெய்யுங்கள், அல்லது இரண்டு முனையிலிருந்தும் அளந்து, கூட்டுத்தொகை முழு நீளத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், அது கேபிளின் நீளம், நடக்கும் தூரம் அல்ல. மீற்றர்ப் பலகையிலிருந்து இறங்கும் பகுதியும், கிணற்றடியில் சுருட்டி வைத்த உபரியும் அதற்குள் அடக்கம். இலேசாகக் கசியும் பழுதை அது காணவே காணாது.

உண்மையைச் சொன்னால், கருவியை எடுப்பதற்கு முதல் கேபிள் வழியே ஒருமுறை நடந்தாலே பல பழுதுகள் அகப்படும். வேலி அடைத்தபோது கதியால் நட அலவாங்கால் குத்திய குழிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது ட்ரக்டர் திரும்பும் இடம், கறையான் புற்று, ரேப் சுற்றிப் புதைத்த பழைய மூட்டு. கடைசியாக வேலி மாற்றியது எப்போது என்று வீட்டு அம்மாவைக் கேளுங்கள். ஐயாவுக்கு மறந்திருக்கும், அம்மாவுக்கு நினைவிருக்கும்.

கிண்டும்போது குறிக்கு நேர்மேலே அலவாங்கை இறக்காமல், ஒரு முழம் தள்ளி மண்வெட்டியால் இறங்கி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக் கேபிளை எட்டுங்கள். பழுதைக் கண்டதும் மூட்டுப் போட்டு உடனே மண்ணை மூடிவிடுவதுதான் கடைசிப் பிழை. கறையானோ தண்ணீரோ கேபிளை ஒரு இடத்தில் மட்டும் தின்பதில்லை. குழி திறந்திருக்கும்போதே இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மெகர் போட்டு, பிறகு மூட்டுப் போட்டு முழுதாக இன்னொரு முறை போடுங்கள். இரண்டாவது பழுது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மூடுவதற்கு முதல், கிணற்றுக் கட்டிலிருந்தும் வீட்டு மூலையிலிருந்தும் மூட்டு எத்தனை அடி என்று ரேப்பால் அளந்து, மீற்றர்ப் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.